இரண்டு கை கல்லுப்பு

ஆசாரிப்பள்ளத்தில் மழை பிடித்த செவ்வாய்க்கிழமை,
தெர்மாகோல் பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு
படியேறி வந்தார் ததேயூஸ்.
மீனையெல்லாம் யார் உள்ளே விட்டதென்று
வாட்ச்மேன் பின்னாலேயே ஓடி வந்தார்.
"மீனில்ல வோய். எனக்க பெண்டாட்டிக்க மாரு."

அதற்குப் பிறகு யாரும் எதுவும் கேட்கவில்லை.

குளச்சல் பக்கம் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் அறுத்தெடுத்து,
பார்மலின் தீர்ந்துபோச்சு, வெரசா கொண்டு போ என்று
பாலித்தீன் பையில் கட்டிக் கொடுத்திருக்கிறார்கள்.
தனக்குத் தெரிந்த வழியில் அவர் பத்திரப்படுத்தினார்:
அடியில் ஐஸ், மேலே ஐஸ்,
கூடவே இரண்டு கை கல்லுப்பு.
நெய்மீனைத் தூரத்து மார்க்கெட்டுக்கு அனுப்புகிற மாதிரி.
இரண்டு பஸ் மாறி,
மடியை விட்டு இறக்காமல்.

படிவத்தில் எழுதினேன்:
எமரென்சியா, நாற்பத்துநாலு, இடது.
தேதி, நம்பர்.
இரண்டாயிரத்து முந்நூற்றுப் பதினேழு.

டாக்டர் ஸ்ரீலதா கத்தியை இறக்கினார்.
நான் பக்கத்தில் நின்று அளவு குறித்தேன்.
மூன்றரை, இரண்டே கால், இரண்டு.
கட்டியைத் தொட்ட இடத்தில் கத்தி
ஒரு சத்தம் போட்டது,
சோற்றில் மணல் கடிபடுகிற சத்தம்.
டாக்டர் என்னைப் பார்க்கவில்லை.
நானும் பேனாவைத்தான் பார்த்தேன்.
பதினோரு வருஷத்தில் அந்தச் சத்தம்
என்னை ஏமாற்றியது இரண்டே தடவை.
மூன்றாவதாக இருக்கட்டும் என்று
கையுறைக்குள் விரல்களை மடக்கிக்கொண்டேன்.

பிறகு பார்மலின், ஆல்கஹால், சைலீன்.
சதையிலிருந்து தண்ணீரைப் படிப்படியாக வெளியே அனுப்பி
அந்த இடத்தில் மெழுகை உட்கார வைப்பது,
என் உத்தியோகம் அவ்வளவுதான்.
வெள்ளிக்கிழமை மைக்ரோடோமின் சக்கரத்தைச் சுற்றினேன்.
நாலு மைக்ரான். பெருமூச்சு விட்டால் பறந்துவிடும்.
பாதியில் கரண்ட் போனது.
வெந்நீர்த் தொட்டி ஆறி, மறுபடி சூடாகி,
அதுவரை மெழுகு ரிப்பனைத் தூரிகை நுனியில்
பிடித்துக்கொண்டே இருந்தேன்.
விட்டதும் சுருக்கமெல்லாம் விரிந்து
அலுங்காமல் மிதந்தது.

ஊதா. ரோஸ்.
லென்ஸுக்கு அடியில், ஓரமாக,
வெள்ளை வெள்ளையாய்ப் பொடி ஓட்டைகள்.
ஐஸ் முளைத்துக் கரைந்த இடங்கள்.
ததேயூஸின் இரண்டு கை உப்பு
கையெழுத்துப் போட்டிருந்தது அங்கே.
நடுவில் ஓட்டைகள் இல்லை.
நடுவில் எல்லாம் தெளிவாக இருந்தது.

தினமும் வந்தார்.
பெஞ்சின் ஒரே மூலையில், துண்டை விரிக்காமல்,
கேட்டதும் ஒரே கேள்வி:
"உப்பு கூடிப்போச்சா பிள்ளே? சாதனம் கெட்டுப்போச்சா?"

திங்கள்கிழமை காலை சொன்னேன்:
"ஒண்ணும் கெடல்ல. நல்லா இருந்து."

முகம் அப்படியே தளர்ந்தது.
ஐந்து நாளாகப் பிடித்து வைத்திருந்த வடத்தை
கை விட்டதுபோல.
ஜெபமாலையை எடுத்துச் சட்டைப்பையில் போட்டார்.
போனை எடுத்தார்.
"எளா, நல்லா இருக்காம்."

நான் சொன்னது வெட்டைப் பற்றி.
சாயம் ஏறிய விதம் பற்றி.
கதவு திறந்து டாக்டர் அவர் பெயரைக் கூப்பிடும்வரை
எத்தனை நிமிடம் என்று எனக்குத் தெரியாது.
அத்தனை நிமிடமும்
அதைத் திருத்தாமல் நின்றேன்.

பெட்டியை அவர் திரும்பக் கேட்கவே இல்லை.
மூன்று தடவை சோப்புப் போட்டுக் கழுவி
காலி கேசட்டுகளை அதில் அடுக்கியிருக்கிறோம்.
பார்மலினில் மரத்துப்போன மூக்கு எனக்கு,
வீட்டில் குழம்பு தீய்ந்தாலும் தெரியாது.
மூடியைத் திறந்தால்
சாளை வாடை அடிக்கிறது.